கண்மட்டமும் ரசமட்டமும்

மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்



செமஸ்டர் பரீட்சையே போதும்டா சாமி என்று இருப்பீர்கள். இருந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். ஒரு மார்க் கேள்விதான்.

ஓர் அறை. அதில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இன்னொருவர் கையில் ஒரு காகிதத்தோடு, லேசாகக் குனிந்தபடி, கதவு ஓரமாக நிற்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி சட்டை. பேசுவது நம் காதில் விழவில்லை. இவர்களில் அதிகாரி யார்?

அரியர் இல்லாமல் எல்லாரும் பாஸ்! கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் பதில் வந்திருக்கும். ஆனால் இந்தப் பாடத்தை நாம் எந்த செமஸ்டரில் படித்தோம்? யாரும் போர்டில் எழுதிப் போடவில்லை. யாரும் மனப்பாடம் செய்யச் சொல்லவும் இல்லை. யார் மேலே, யார் கீழே, யார் சமம் என்பதை நாம் யோசித்து முடிவு செய்வதில்லை. யோசிப்பதற்கு முன்பே கண் பார்த்து முடித்துவிடுகிறது. அது எப்படி நடக்கிறது, அதனால் யாருக்கு என்ன நஷ்டம், அதைத் திருத்த வழி உண்டா என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கண்மட்டம் என்றால் என்ன?

என் அப்பா கொத்தனார். அம்மா அதே வேலையில் சித்தாள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். டிராயிங் போர்டைத் தொடுவதற்கு முன்பே நான் பார்த்த கருவிகள் ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலமட்டம் ஆகிய மூன்றும்தான். லீவு நாளில் அப்பாவுடன் வேலைக்குப் போகும்போது அவர் அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை: "கண்மட்டத்த நம்பாதடா. சுவரு நேராத்தான் தெரியும். குண்டு வுட்டுப் பாரு."

கண்ணால் பார்த்து உத்தேசமாக அளவு சொல்வதுதான் கண்மட்டம். வேகமான கருவி அது, ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அதற்கே தெரியாது. மனிதர்களை அளக்க நாம் அன்றாடம் எடுத்துப் போவதும் இதே கண்மட்டம்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். "மட்டம்" என்ற சொல்லை நாம் இரண்டு விதமாகச் சொல்கிறோம். "ரெண்டும் ஒரே மட்டம்" என்றால் சமம். "மட்டமான சரக்கு" என்றால் தாழ்வு. ஒருவரை இழிவுபடுத்தினால் "மட்டம் தட்டிட்டான்" என்கிறோம். சமத்துக்கும் தாழ்வுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தினமும் குழப்பமே இல்லாமல் பேசுகிறோம்!

கண் பார்க்கும் நாலு அடையாளம்

ஆலன் ஃபிஸ்க் என்பவர் ஓர் அமெரிக்க மானிடவியல் அறிஞர். ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ நாட்டின் கிராம மக்களோடு வாழ்ந்து ஆராய்ந்தவர். மனித உறவுகள் எங்கே போனாலும் நாலே நாலு அச்சில்தான் வார்க்கப்படுகின்றன என்று 1992-ல் எழுதினார். எல்லாம் நமக்குப் பொது என்று இருப்பது ஒன்று. மேல்-கீழ் என்று அடுக்குவது இரண்டு. உனக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று சமன் செய்வது மூன்று. விலை பேசுவது நாலு. இதில் இரண்டாவதையும் மூன்றாவதையும் மட்டும் இங்கே பார்ப்போம்.

மேல்-கீழ் உறவை மனிதர்கள் எதை வைத்துக் காட்டுகிறார்கள்? இடம், அளவு, காலம், பலம் ஆகிய நாலையும் வைத்து என்கிறார் அவர். நம் ஊரிலேயே பொருத்திப் பார்க்கலாம்.

இடம்: மேலதிகாரி, மேலிடம், கீழ்நிலை ஊழியர், உயர்ந்தவர், தாழ்ந்தவர், முன்வரிசை, பின்தங்கியவர். திண்ணை மேலே, தரை கீழே. ஆளுக்கு ஆள் உயரம் அளந்தா இப்படிச் சொல்கிறோம்? இல்லை. ஆனாலும் "மேல்" என்றதும் மனசு அண்ணாந்து பார்க்கிறது.

அளவு: பெரிய மனுஷன், பெரிய இடம், சின்ன ஆள். கட்டட வேலையில் பாருங்கள். ஆண் கூலிக்குப் பெரியாள் என்று பெயர், பெண் கூலிக்குச் சித்தாள். சித்தாள் என்றால் சிறிய ஆள். என் அம்மா தலையில் ஏறும் செங்கல்லும் சிறியதில்லை, அவர் ஏறும் சாரமும் குட்டையில்லை. பெயர் மட்டும் சிறிசு. அந்தப் பெயருக்கு ஏற்றபடி கூலியும் சிறிசு.

காலம்: யாருக்கு முதலில் காபி? பந்தியில் யார் முதலில்? ஆபீசில் யார் காத்திருக்கிறார்கள்? நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? பதில் உங்களுக்கே தெரியும்.

பலம்: யார் குரல் ஓங்குகிறது, யார் குரல் அடங்குகிறது என்பது.

சரி, மேல் இடம்தான் உயர்வு என்றால், நம் ஒரு மார்க் கேள்வியில் நிற்கிறவர் தலைதானே உயரத்தில் இருக்கிறது, அவர்தானே அதிகாரி என்று யாராவது மடக்கலாம். நியாயமான கேள்வி! வெறும் சென்டிமீட்டரை மட்டும் கண் பார்ப்பதில்லை. யாருக்கு நாற்காலி, யாருக்குக் காத்திருப்பு, யார் குனிகிறார் என்று நாலு அடையாளத்தையும் சேர்த்துக் கூட்டித்தான் விடை சொல்கிறது.

இதெல்லாம் பேச்சு வழக்குதானே, மனசுக்குள்ளே நிஜமாக இப்படி நடக்குமா? சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தாமஸ் ஷூபர்ட் என்ற உளவியல் அறிஞர் 2005-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். கம்ப்யூட்டர் திரையில் மேலே ஒரு பெயர், கீழே ஒரு பெயர் வரும். முதலாளி, தொழிலாளி என்பது மாதிரியான ஜோடிகள். இரண்டில் அதிகாரம் உள்ளவர் யார் என்று சட்டென்று சொல்ல வேண்டும். அதிகாரம் உள்ள பெயர் திரையின் மேல்பக்கம் வந்தபோது, கீழே வந்தபோதைவிட வேகமாகப் பதில் சொன்னார்கள். அதாவது, மனசுக்குள்ளே அதிகாரத்துக்கு ஏற்கெனவே ஓர் இடம் ஒதுக்கியாச்சு.

அதைவிட ஆச்சரியம், லோட்டே தாம்சென் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வு. கண்ணும் வாயும் வரைந்த இரண்டு கட்டைகள் எதிரெதிரே வருகிற படத்தைக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. வழியில் முட்டிக்கொள்கின்றன. ஏதாவது ஒன்று பணிந்து ஒதுங்க வேண்டும். பெரிய கட்டை சின்னதுக்கு வழிவிட்டபோது, 10 முதல் 13 மாதக் குழந்தைகள் அதிக நேரம் வெறித்துப் பார்த்தன. எதிர்பாராதது நடந்தால் குழந்தை அப்படித்தான் பார்க்கும். பேச்சு சரியாக வராத வயதிலேயே "பெரிசு ஜெயிக்கும்" என்ற கணக்கு உள்ளே இருக்கிறது, நண்பர்களே!

வாயில் வரும் மட்டம்

தமிழ் பேசுகிற யாரும் இன்னொருவரிடம் வாய் திறந்த மறு நொடியே தன் மட்டத்தைக் காட்டிவிடுகிறார். நீயா, நீங்களா? வாவா, வாங்களா? நடுவில் நின்று தப்பிக்க வழியே கிடையாது.

"நீங்கள்" என்பது பன்மை. ஒரே ஒருவரைப் பலராக்கிப் பேசுகிறோம். முன்னே சொன்ன "அளவு" அடையாளம் இலக்கணத்துக்குள்ளேயும் புகுந்துவிட்டது என்று அர்த்தம். இது தமிழுக்கு மட்டும் உரியது அல்ல. ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற இருவர் 1960-ல் ஐரோப்பிய மொழிகளை எடுத்து இதை ஆராய்ந்தார்கள். பிரெஞ்சிலும் ஒருவரை மரியாதையாக அழைக்கப் பன்மைதான். நம் சங்கப் புலவர்களோ அரசனையே "நீ" என்றுதான் பாடினார்கள். ஒருமை என்றால் அவமரியாதை என்பது நடுவில் வந்த பழக்கம்.

பிரவுனும் கில்மனும் கண்டுபிடித்ததில் நமக்கு உபயோகமான ஒரு சூத்திரம் இருக்கிறது. எந்தச் சொல் என்பது முக்கியமில்லை, அது திரும்பி வருகிறதா என்பதுதான் முக்கியம். ஹாஸ்டலில் நாம் "டேய்" என்கிறோம், அவனும் "டேய்" என்கிறான். அது சமம், நட்பு. "நீங்க" என்கிறோம், அவரும் "நீங்க" என்கிறார். அதுவும் சமம். ஒரு பக்கம் "டேய்", மறுபக்கம் "ஐயா" என்றால்? அங்கேதான் மேல்-கீழ்.

பெயர்களையும் பாருங்கள். டாக்டர் வந்தார், கலெக்டர் வந்தார். ஆனால் பால்காரன் வந்தான், பூக்காரி வந்தாள், குப்பைக்காரன் வந்தான். பால்காரருக்கு நம் தாத்தா வயது இருந்தாலும் வாயில் "ன்" தான் வருகிறது. சொல்கிறவர் கெட்டவரா? இல்லை. அவர் அதை யோசித்துச் சொல்லவே இல்லை. அதுதான் விஷயமே.

சென்ற வருஷம் ஒரு சர்டிபிகேட் வாங்க அப்பாவும் நானும் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். நான் சட்டையை இன் பண்ணி, காலேஜ் அடையாள அட்டை மாட்டியிருந்தேன். அப்பா வேலையிலிருந்து நேராக வந்ததால் வேட்டியில் சிமெண்ட் கறை. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் அப்பாவிடம், "ஏம்ப்பா, நீ அப்படி ஓரமா நில்லு" என்றார். என் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்க சொல்லுங்க" என்றார். அப்பாவுக்கு வயது ஐம்பது. எனக்குப் பதினேழு. வேலை சீக்கிரமே முடிந்தது, காசு கேட்கவில்லை, சிடுசிடுக்கவும் இல்லை. வெளியே வந்ததும் அப்பா சொன்னார்: "நல்ல மனுஷன்டா."

எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. அவர் சொன்னதற்காக அல்ல. சொன்னது அவருக்கும் தெரியவில்லை, கேட்டது அப்பாவுக்கும் தெரியவில்லை என்பதற்காக.

சமத்துவத்துக்கும் ஒரு கண் உண்டு

இதுவரை படித்ததும், மனுஷன் பிறக்கும்போதே மேல்-கீழ் பார்க்கிறவன், மாற்ற முடியாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சமத்தைப் பார்க்கும் கண்ணும் நம்மிடம் இருக்கிறது. அதற்கும் பாடப் புத்தகம் தேவைப்படவில்லை.

சின்ன வயதில் காக்காய்க்கடி கடித்ததில்லையா? கடலைமிட்டாயைச் சட்டைத் துணியில் சுற்றிக் கடித்து, "உனக்குப் பாதி, எனக்குப் பாதி" என்று பிரித்தோமே! ஒரு துண்டு கொஞ்சம் பெரிசாகப் போனால் என்ன சண்டை! கிரிக்கெட்டில் யார் முதலில் பேட்டிங் என்பதற்கு சா பூ திரி. ஊஞ்சலில் நீ பத்து தரம், நான் பத்து தரம். இவைதான் ஃபிஸ்க் சொன்ன மூன்றாவது அச்சு. மேல்-கீழுக்கு அடையாளம் உயரமும் பருமனும் என்றால், சமத்துக்கு அடையாளம் ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேர்ப்பது. ஒரே வரிசை, ஒரே அளவு, முறை மாற்றி முறை, சீட்டுக் குலுக்கல், டாஸ்.

எர்ன்ஸ்ட் ஃபேர் குழுவினர் சுவிட்சர்லாந்துக் குழந்தைகளிடம் மிட்டாயை வைத்து நடத்திய சோதனை 2008-ல் வெளிவந்தது. 3, 4 வயதில் பெரும்பாலானவர்கள் தன் பங்கை மட்டுமே பார்த்தார்கள். 7, 8 வயதிலோ பெரும்பாலானவர்கள் மற்றவனுக்கும் தனக்கும் சமமாக வரும்படி பிரிப்பதையே விரும்பினார்கள். ஆக, சமம் என்பது நமக்குள் வளருகிற குணம். அதே ஆய்வில், தன் கூட்டத்துப் பிள்ளை என்றால் தாராளம் கூடியதையும் பார்த்தார்கள். "யாரோடு சமம்?" என்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் நம் நாட்டுப் போராட்டங்கள் ஏன் தட்டிலும் தண்ணீரிலும் நடந்தன என்பதும் புரியும். 1920-களில் வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில், சில பிராமண மாணவர்களுக்குத் தனியிடத்தில் சாப்பாடு போட்டது பெரிய பிரச்சினையானது. அப்போது காங்கிரசில் இருந்த பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்தார்கள். 1927 மார்ச் 20-ஆம் தேதி மகாராஷ்டிராவில் மகாத் ஊரின் பொதுக் குளத்தில் இறங்கி அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் குடித்தார். ஒரு வேளைச் சோறு, ஒரு கை தண்ணீர், இதற்கா இவ்வளவு சண்டை என்று தோன்றலாம். நாலு அடையாளத்தைப் படித்த நமக்கு அப்படித் தோன்றக் கூடாது. யார் மேல், யார் கீழ் என்பது மனசில் எழுதப்படும் இடமே அந்தப் பந்தியும் அந்தக் குளமும்தான். அதனால்தான் சமபந்தி போஜனம் ஒரு போராட்ட முறையானது. ஒரே வரிசை, ஒரே இலை, ஒரே நேரம். இடம், அளவு, காலம் மூன்றும் ஒரே வீச்சில் சமமாகிவிடுகிறது!

1950-ல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் ஒழித்ததைக் கண் இன்னும் ஒழிக்கவில்லை என்பதற்கு, டீக்கடைகளில் தனித்தனி கிளாஸ் வைத்த இரட்டைக் குவளை முறை அதற்குப் பிறகும் பல ஊர்களில் நீடித்ததே சாட்சி.

கீழே இருப்பவனின் கை

இந்தக் கண்மட்டம் பார்க்கிறவனை மட்டும் பாதித்தால் பரவாயில்லை. பார்க்கப்படுகிறவனையும் பாதிக்கிறது. நம்மைப் போன்றவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வு இது.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேச கிராமங்களில் 6, 7-ஆம் வகுப்புப் பையன்களுக்கு ஒரு புதிர் கொடுத்தார்கள். சிக்கலான பாதையில் வழி கண்டுபிடிக்கும் புதிர். உயர்சாதி என்று சொல்லப்படும் பையன்கள் 321 பேர், தாழ்ந்த சாதி என்று சொல்லப்படும் பையன்கள் 321 பேர். யார் என்ன சாதி என்று அறிவிக்காதபோது இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு புதிர்களைத் தீர்த்தார்கள். பிறகு வேறு குழுக்களில், ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு பையனின் பெயரையும் ஊரையும் சாதியையும் எல்லார் முன்னாலும் வாசித்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். தாழ்ந்த சாதி என்று வாசிக்கப்பட்ட பையன்களின் மதிப்பெண் குறைந்துபோனது. இந்த ஆய்வு 2006-ல் வெளியானது.

அதே வகைப் பையன்கள், அதே புதிர், அதே பென்சில். மூளை மாறவில்லை. "உன் இடம் இது" என்று ஒரு குரல் வாசித்தது, கை தளர்ந்தது.

நண்பர்களே, வைவாவில் எக்ஸ்டர்னல் "அப்பா என்ன பண்றார்?" என்று முதல் கேள்வி கேட்டதும் தெரிந்த பதிலும் தொண்டையில் நிற்கிறதே, இங்கிலீஷில் ஒருவன் சரளமாகப் பேசியதும் நம் டிராயிங்கே நமக்குக் கோணலாகத் தெரிகிறதே, அதன் காரணம் புரிகிறதா? நமக்குத் திறமை குறைந்துவிடவில்லை. யாரோ வைத்த மட்டத்தை நம் கையும் நம்பிவிட்டது.

எல்லா மேல்-கீழும் தப்பா?

இல்லை. வொர்க்ஷாப்பில் இன்ஸ்ட்ரக்டர் "மெஷினை நிறுத்து" என்றால் விவாதம் செய்யக் கூடாது, நிறுத்த வேண்டும். கிரேன் சுமை தூக்கும்போது சிக்னல் கொடுப்பவர் ஒருவர்தான். ஆளாளுக்குக் கை காட்டினால் யார் தலையிலாவது விழும். ஆனால் அதே கிரேன் வேலையில் இன்னொரு விதியும் உண்டு. "நிறுத்து" என்ற சிக்னலை மட்டும் யார் கொடுத்தாலும் ஆபரேட்டர் நிறுத்தியாக வேண்டும். ஹெல்பர் கொடுத்தாலும் சரிதான்.

வேலைக்காக வரும் அடுக்கு வேறு, ஆளோடு ஒட்டிக்கொள்ளும் அடுக்கு வேறு. முதலாவது ஷிப்ட் முடிந்ததும் முடிகிறது. இரண்டாவது கேன்டீன் வரைக்கும், டீ கிளாஸ் வரைக்கும், கல்யாணப் பந்தி வரைக்கும் கூடவே வருகிறது.

ஜீரோ எரர் பார்ப்போம்

முதலாம் ஆண்டில் வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்ததும் நாம் செய்த முதல் வேலை என்ன? தாடைகளைச் சேர்த்து வைத்து ஜீரோ எரர் பார்த்தோம். கருவியில் பிழை இருந்தால் அதைத் தூக்கி எறியவில்லை. பிழை எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, ஒவ்வொரு அளவிலும் அதைத் திருத்திக்கொண்டோம். கண்ணுக்கும் அதேதான் வழி. மேல்-கீழ் பார்க்கும் பழக்கத்தை வைராக்கியத்தால் ஒரே நாளில் அழிக்க முடியாது. ஆனால் பிழையைக் குறித்துத் திருத்தலாம். எனக்குத் தெரிந்த சோதனைகள் மூன்று.

1. திரும்பி வருமா? நான் ஒருவரை "நீ, வா, போ" என்றால் அவரும் என்னை அப்படிச் சொல்லலாமா? சொல்லக் கூடாது என்று தோன்றினால் அங்கே எரர் இருக்கிறது.

2. ஆளை மாற்றிப் பார். அதே தப்பை ஹெல்பருக்குப் பதில் மேனேஜர் செய்திருந்தால் இதே குரலில் பேசுவேனா?

3. கடைசி யார்? எந்த இடத்திலும் கடைசியாகச் சாப்பிடுகிறவர், கடைசியாக உட்காருகிறவர், பெயர் தெரியாதவர் யார் என்று ஒரு முறை திரும்பிப் பார்.

இது நமக்கு ஏன் அவசரம்? டிப்ளமோ முடித்ததும் நாம் போய் நிற்கப்போவது நடு இடத்தில். மேலே இன்ஜினியர், கீழே ஆபரேட்டரும் ஹெல்பரும். பத்தொன்பது வயது ட்ரெய்னி சூப்பர்வைசரான நமக்கு முன்னால், முப்பது வருஷம் லேத் ஓட்டின ஒருவர் நிற்பார். நமக்கு அவர் "சார்" என்பார். நாம் அவரை என்னவென்று கூப்பிடப்போகிறோம்? அந்த முதல் நாள் முதல் வார்த்தையில்தான் நாம் படித்த படிப்பு எதற்கு என்பது தெரியும். மேலிருந்து நமக்கு வந்ததைக் கீழே அப்படியே தள்ளிவிடுவதற்கு மூன்று வருஷம் டிப்ளமோ எதற்கு? பைப் போதுமே!

கணியன் பூங்குன்றனார் பாடிய புறநானூற்று 192-ஆம் பாட்டின் முதல் அடியை எல்லா மேடையிலும் சொல்கிறோம். அந்தப் பாட்டு முடிகிற இடத்தை அதிகம் சொல்வதில்லை. பெரிய ஆளைப் பார்த்து வாய் பிளக்க வேண்டாம், சின்ன ஆளை இளக்காரம் செய்வது அதைவிடக் கூடாது என்பதுதான் அதன் முடிவு. நமக்கு இரண்டு பாதியுமே தேவை. நடு இடத்தில் நிற்கப்போகிறவர்கள் அல்லவா!

கடைசியாக, நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினருக்கு ஓர் அறையிலும், ஆசிரியர்களுக்கு ஓர் அறையிலும், நமக்கு மரத்தடியிலும், அட்டெண்டர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் எல்லாம் முடிந்த பிறகும் சாப்பாடு போடுவது வழக்கமாக இருக்கிறது. இந்த வருஷம் ஒரே பந்தியாகப் போடுவோம். வொர்க்ஷாப் அட்டெண்டர் அண்ணனும், கேன்டீன் அக்காவும், பிரின்சிபால் சாரும், நாமும் ஒரே வரிசையில். செலவு ஒரு பைசா கூடாது. பரிமாறுகிற பொறுப்பை மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் ஏற்றுக்கொள்கிறது!